சேர்வராயன் மலை வரலாறு – 9: வெயிலை உள்ளே விட்ட வராண்டா

வீட்டின் முகப்பில் ஓடும் தாழ்வாரத்தை இடுப்பளவுச் சுவராலும், அதற்கு மேல் கூரை வரை மரச்சட்டத்தில் பதித்த கண்ணாடியாலும் அடைத்தால் கிடைப்பது கண்ணாடி வராண்டா. சமவெளியில் தாழ்வாரத்தின் வேலை வெயிலைத் தடுப்பது. சென்னையில் தோட்ட வீடுகள் கட்டிய கும்பினி அதிகாரிகளும் அதற்காகவே அதை எடுத்துக்கொண்டார்கள். தூண்களுக்கு இடையே மூங்கில் தட்டி தொங்கவிட்டார்கள். கோடையில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிக்க ஆள் வைத்தார்கள். அந்த வீட்டை அப்படியே மலைக்குக் கொண்டுபோனபோது தாழ்வாரத்தின் வேலை தலைகீழாயிற்று. மேலே வெயில் தேவைப்பட்டது. சாரலும் காற்றும் பனியும் தொல்லையாயின. தட்டி தொங்கிய இடத்தில் கண்ணாடி ஏறியது. ஏற்காட்டிலும் நீலகிரியிலும் விக்டோரியா அரசியின் காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, வெள்ளையர் கட்டிய மலை வீடுகளின் தனி அடையாளம் இந்த அறை. சேர்வராயன் மலையின் வீட்டு வரலாற்றில் காபிக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியதும் இதுவே.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே அடிவாரத்துக்கும் மேலுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் உண்டு. ஊட்டியைப் போல உறைபனி இங்கே வீட்டு அமைப்பைத் தீர்மானிப்பதில்லை. ஏற்காட்டின் சிக்கல் ஈரம். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழை தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவத்திலும் பங்கு பிரிந்து வருகிறது, இடையிலே மூடுபனி. நவம்பரிலும் டிசம்பரிலும் துவைத்த துணி நாட்கணக்கில் காயாது. செருப்பில் பூஞ்சை படியும், உப்பு ஜாடி கசியும். காபியும் மிளகும் விளையும் செம்மநத்தம் போன்ற மலையூர்களில் இன்றும் இதுதான் நிலை. இத்தகைய இடத்தில் கண்ணாடிக்குள் பிடித்து வைத்த நான்கு மணி நேர வெயில் குளிர்காய மட்டும் உதவவில்லை. வீட்டுக்குள் காய்ந்த இடம் ஒன்றையும் உண்டாக்கிக் கொடுத்தது.

இங்கே சூரியன் நடக்கும் பாதையைக் கவனிக்காமல் இந்த அறையைப் புரிந்துகொள்ள முடியாது. லண்டன் 51.5 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே டிசம்பர் மாத நடுப்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் எழும்பும். தெற்கு பார்த்த இரண்டு மீட்டர் உயரக் கண்ணாடி இருந்தால் வெயில் ஏழு மீட்டர் உள்ளே வந்து எதிர்ச் சுவரைத் தொடும். ஏற்காடு 11.8 டிகிரி வடக்கில் உள்ளது. அதே டிசம்பரில் நடுப்பகல் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். அதே கண்ணாடி வழியே வரும் வெயில் தரையில் ஒன்றரை மீட்டர்கூட எட்டாது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கமே சாய்ந்திருப்பதால், தெற்குக் கண்ணாடியில் அந்நேரத்தில் நேர் வெயில் விழுவதே இல்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, இங்கிலாந்தில் செய்வது போலக் கூரையையும் கண்ணாடியால் வேய்ந்தால் உச்சி வெயில் நேராக உள்ளே இறங்கி அறை உலையாகிவிடும். அதனால் மலை பங்களாவில் கூரை ஓடாகவே இருந்தது. பக்கங்கள் மட்டும் கண்ணாடியாயின. இரண்டாவது, இங்கே நல்ல திசை கிழக்கும் தென்கிழக்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால், மூடுபனி விலகிய காலை நேரத்தில் தாழ்ந்த வெயில் அறையின் கடைசி வரை வரும். மேற்குப் பார்த்த கண்ணாடி கோடை மாலையில் எரிச்சலூட்டும். ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து அப்படியே கட்டியவர்களைவிட, மலையின் காலையைக் கவனித்துக் கட்டியவர்களுக்கே நல்ல அறை அமைந்தது.

இங்கிலாந்தில் கண்ணாடி அறை பொதுமக்களின் ஆசையாக மாறியதற்கு வரிச் சட்டம் ஒரு காரணம். 1745 முதல் அங்கே கண்ணாடியின் எடைக்கு ஏற்பத் தீர்வை வாங்கினார்கள். அதற்கும் முன்பே, 1696இல், ஜன்னல்களின் எண்ணிக்கைக்கு வரி வந்துவிட்டது. வெளிச்சத்துக்கே விலை கொடுக்க வேண்டியிருந்த நாட்டில் கண்ணாடி அறை பிரபுக்களின் சொத்தாக இருந்ததில் வியப்பில்லை. கண்ணாடித் தீர்வை 1845இலும் ஜன்னல் வரி 1851இலும் ஒழிந்தன. இதற்கிடையே ஸ்மெத்விக் ஊரின் சான்ஸ் சகோதரர்கள் ஆலை 1832 முதல் தகட்டுக் கண்ணாடி செய்யும் முறையை வளர்த்திருந்தது. உருகிய கண்ணாடியை நீண்ட உருளையாக ஊதி, நெடுக வெட்டி, மறுபடி சூடாக்கி விரித்துத் தகடாக்கும் முறை அது. 1851இல் லண்டன் ஹைடு பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய படிக மாளிகைக்கு ஏறக்குறைய 3,00,000 தகடுகளை இந்த ஆலைதான் கொடுத்தது. இரும்பும் கண்ணாடியும் சேர்ந்து எவ்வளவு பெரிய கூரையைத் தாங்கும் என்பதை அந்தக் கோடையில் லட்சக்கணக்கானவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

தென்னிந்தியாவில் இதன் நேர் வாரிசு பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகை. 1889 நவம்பர் 30 அன்று விக்டோரியாவின் பேரன் ஆல்பர்ட் விக்டர் அதற்கு அடிக்கல் நாட்டினார். தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரன் காலத்தில், கிளாஸ்கோ நகரின் வால்டர் மக்ஃபார்லேன் வார்ப்பாலையிலிருந்து இரும்புப் பாகங்கள் வந்து இறங்கின. மலர்க் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட அந்த மண்டபம் இன்றும் அதற்கே பயன்படுகிறது. ஆனால் அது அரசு கட்டியது. சேர்வராயன் மலையில் அப்படி எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

காரணம், ஏற்காட்டில் குடியேறியவர்கள் யார் என்பதில் இருக்கிறது. சென்னை ஆளுநர் கோடைக்குப் போனது ஊட்டிக்கு. அவரோடு அலுவலகமும் விருந்துகளும் பணமும் ஊட்டிக்கே போயின. ஏற்காட்டைத் தொடங்கி வைத்தவர் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன். கிரேஞ்சு எஸ்டேட்டில் காபியைப் பயிரிட்டுப் பார்த்தது அவர் காலத்தில்தான். அவருக்குப் பின் வந்தவர்கள் தோட்டக்காரர்கள், பாதிரிமார்கள், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள். அவர்களில் இருவர் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானவர்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும், சென்னையில் தினவர்த்தமானி இதழை 1855இல் தொடங்கியவருமான பீட்டர் பெர்சிவல் தம் கடைசிக் காலத்தை இங்கே கழித்து 1882இல் காலமானார். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863இல் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வாசல் திறந்த நிலவியல் அறிஞர். அவர் ஏற்காட்டில் வாழ்ந்த வீட்டின் பெயர் ஐவி காட்டேஜ். 1912இல் இறந்த அவருடைய நினைவுக்கல் ஹோலி டிரினிட்டி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களின் வீடுகள் மாளிகைகள் ஆகவில்லை. இரண்டு மூன்று படுக்கையறை, ஒரு கூடம், கணப்பு அடுப்பு, முன்னால் ஒரு வராண்டா. அந்த வராண்டாவில் கண்ணாடி ஏற்றுவது அவர்களுக்குக் கட்டுப்படியான ஆடம்பரமாக இருந்தது.

கட்டுப்படியானது என்றாலும் எளிதாக இல்லை. கண்ணாடி கப்பலில் வைக்கோல் திணித்த பெட்டிகளில் வந்தது. சென்னையில் துறைமுகம் உருவாகும் முன் அந்தப் பெட்டிகள் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரை சேர வேண்டியிருந்தது. 1861இல் இரயில் பாதை சேலத்தை எட்டியதும் பாதி வேலை குறைந்தது. அடிவாரத்திலிருந்து மேலே போக இன்றைய இருபது கொண்டை ஊசி வளைவுச் சாலை அப்போது இல்லை. ஆட்கள் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். சாமான்கள் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் மேலும் ஏறின. உடையாமல் மேலே சேர்ந்த ஒவ்வொரு தகட்டுக்கும் பின்னால், பேர் எழுதி வைக்கப்படாத சுமைகாரர் ஒருவரின் கழுத்தும் கால்களும் இருக்கின்றன. பங்களாக்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சொந்தக்காரர் பெயரோடு நின்றுவிடுவது நியாயமில்லை.

போக்குவரத்தின் இந்தத் தொல்லைதான் மலை வராண்டாவின் தோற்றத்தையும் தீர்மானித்தது. பெரிய தகடு உடைந்தால் நட்டமும் பெரிது. சிறிய தகடு உடைந்தால் சேலத்து ஆசாரி ஒருவர் வைர முனையால் வேறொன்றை வெட்டிப் பொருத்திவிடலாம். எனவே ஒரு ஜன்னல் கதவைக் குறுக்கும் நெடுக்கும் சட்டமிட்டு ஆறு, எட்டு, பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்தார்கள். இங்கிலாந்தில் பெரிய தகடுகள் நாகரிகமான பிறகும் மலையில் சின்னக் கட்டங்களே நீடித்தன. கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்துவது சாக்குப் பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்த புட்டி. சட்டத்துக்குத் தேக்கு மேலானது; கரையான் எளிதில் அண்டாது, ஈரத்தில் முறுக்காது. காபிக்கு நிழல் தர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மலையெங்கும் பெருகிய பிறகு, அந்த மரமும் தச்சுப் பட்டறைக்கு வந்தது. கூரைக்கு மங்களூர் ஓடு. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டாலை தொடங்கியபின், புல் வேய்ந்த கூரைகள் மெல்ல மறைந்தன.

வராண்டாவின் தரை விக்டோரியா பாணியின் முதல் அடையாளம். இங்கிலாந்தில் ஸ்டோக் ஊரின் மின்டன் ஆலை செய்த நிறக்களிமண் ஓடுகள் புகழ்பெற்றவை. வெவ்வேறு நிறக் களிமண்ணை ஓட்டின் உடம்பிலேயே பதித்துச் சுடுவதால், கால் தேய்ந்தாலும் கோலம் அழியாது. சிவப்பு, கறுப்பு, பழுப்பு, வெண்மஞ்சள் என்று நான்கைந்து நிறத்தில் கட்டமும் நட்சத்திரமுமாக விரியும் அந்தத் தரை தேவாலயத்திலிருந்து வீட்டு வாசலுக்கும் செடி அறைக்கும் வந்தது. மலையில் அத்தகைய ஓடு இறக்க வசதியில்லாதவர்கள் சிவப்புக் காவித் தரையை மெழுகி, ஓரத்தில் கறுப்பு வரம்பு கட்டினார்கள். தண்ணீர் சிந்தும் அறைக்கு அது குறைந்ததல்ல. நாள்பட நாள்பட, துடைக்கத் துடைக்க மெருகேறும் தரை அது. இன்று அந்தப் பாணியில் ஓர் அறை அமைக்க விரும்புகிறவர்களுக்கு ஆத்தங்குடிக் கல்லும் பொருந்தும். செட்டிநாட்டில் கையால் வார்க்கப்படும் அந்தச் சிமெண்டு ஓட்டின் வடிவங்கள் அதே 19ஆம் நூற்றாண்டு ரசனையோடு உறவுள்ளவை.

அறைக்குள் உயிராக இருந்தவை செடிகள். அவற்றிலும் முதலிடம் பெரணிக்கு. 1829இல் கிழக்கு லண்டனில் நதானியேல் வார்டு என்ற மருத்துவர் மூடிய குடுவையில் அந்துப்பூச்சியின் கூட்டை வைத்திருந்தார். அதிலிருந்த ஈரமண்ணில் பெரணிக் குருத்து ஒன்று தானாக முளைத்தது. நிலக்கரிப் புகையால் தம் தோட்டத்தில் பிழைக்காத செடி குடுவைக்குள் தளிர்த்ததைப் பார்த்த அவர் கண்ணாடிப் பெட்டிகள் செய்து பார்த்தார். உள்ளே ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்குவதால், மாதக்கணக்கில் நீர் ஊற்றாமலே செடி வாழ்ந்தது. வார்டு பெட்டி என்று பேர்பெற்ற அது இரண்டு வழியில் உலகத்தை மாற்றியது. கப்பலில் செடிகளை உயிரோடு கண்டம் தாண்டிக் கொண்டுபோக முடிந்தது. சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளும், 1860இல் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்குச் சின்கோனாக் கன்றுகளும் புறப்பட்டது இந்தப் பெட்டிகளில்தான். வீட்டுக்குள்ளோ, அது பெரணிப் பித்தைக் கிளப்பிவிட்டது. 1856இல் ஷெர்லி ஹிபர்ட் வீட்டு அலங்காரத்தைப் பற்றி எழுதிய நூல் பெரணிப் பெட்டி, மீன் தொட்டி, பறவைக் கூண்டு ஆகியவற்றை நல்ல ரசனையுள்ள வீட்டின் இலக்கணமாக முன்வைத்தது. பாத்திரம், திரைச்சீலை, இரும்பு இருக்கை என்று எல்லாவற்றின் மேலும் பெரணி இலை வரையப்பட்ட காலம் அது.

லண்டன்வாசி காசு கொடுத்து வாங்கிப் பெட்டிக்குள் காப்பாற்றிய செடி சேர்வராயன் மலையில் ஓடைக்கரையில் சும்மா வளர்ந்தது. வனத்துறை அதிகாரி ரிச்சர்டு பெடோம் 1860களில் தென்னிந்தியப் பெரணிகளைப் படத்தோடு வரிசைப்படுத்தி வெளியிட்ட நூல், மலைவாசிகளான ஆங்கிலேயர் பலருக்கு அவற்றை அடையாளம் காட்டியது. கறுப்புக் காம்பும் மெல்லிலையும் கொண்ட அடியாண்டம் வகைகள் தொங்கு தொட்டிக்கு ஏற்றவை. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஓக் இலைப் பெரணியின் கம்பளி போர்த்த கிழங்கைச் சேர்வராயன், கொல்லிமலைச் சந்தைகளில் முடவாட்டுக்கால் என்று விற்கிறார்கள். மூட்டுவலிக்குச் சூப்பு வைத்துக் குடிக்கிறார்கள். மலையாளி என்று அழைக்கப்படும் இம்மலைக் குடிகளுக்கு அது மருந்துணவு. அதே செடியை மரக்கட்டையில் கட்டி வராண்டாவில் தொங்கவிட்டால் விக்டோரியா அலங்காரம். இந்தப் பாணியை இங்கே அமைக்கிறவர் நர்சரிக்கு ஓடுவதற்கு முன் மலையின் செடிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. காட்டிலிருந்து பிடுங்குவது வேறு விஷயம். அதைச் செய்யக் கூடாது. ஆர்க்கிட் செடிகளுக்கு நேர்ந்த அழிவு போதும். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனம் நடத்தும் தேசிய ஆர்க்கிட் பண்ணை, அருகிவரும் வகைகளைக் காப்பதற்கென்றே இயங்குகிறது.

பெரணிக்குத் துணையாக மற்றவை: ஜெரேனியம், ஃபூஷியா, அசாம் காட்டிலிருந்து 1850களில் ஐரோப்பாவுக்குப் போய் அங்கிருந்து உலகம் சுற்றிய ரெக்ஸ் பிகோனியா, சுவரேறும் ஐவி. அடுக்கும் முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. வெயில் நேராக விழும் கண்ணாடி ஓரத்தில் ஜெரேனியம், நடுவில் பிகோனியா, சுவரை ஒட்டிய நிழலில் பெரணி. தொட்டிகளைத் தரையில் பரப்பாமல் படிப்படியாக இறங்கும் மர அல்லது இரும்புக் கம்பி ஸ்டாண்டில் ஏற்றினார்கள். கண்ணுக்கு நேரே பச்சைச் சுவர் எழும்புவதோடு தரையும் காய்ந்திருக்கும். வெறும் மண் தொட்டியைப் பார்வைக்கு வைப்பது அந்தக் காலத்து ரசனைக்கு ஒவ்வாது; அதை மெருகிட்ட பீங்கான் தொட்டிக்குள்ளோ பித்தளை அண்டாவுக்குள்ளோ இறக்கி வைத்தார்கள். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பித்தளைத் தவலைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

இருக்கைகளில் பிரம்பும் வார்ப்பிரும்பும் ஆண்டன. இங்கிலாந்தின் கோல்புரூக்டேல் ஆலை வார்த்த பெரணி இலை வடிவ இரும்புப் பெஞ்சுகள் தோட்டத்துக்கும் செடி அறைக்கும் பொது. மலை வீடுகளில் பிரம்பு மேலோங்கியதற்குக் காரணம் எடை. தூக்கிக்கொண்டு மலையேற வேண்டுமே. கைப்பிடி நீண்டு, காலைத் தூக்கி அதன் மேல் போட்டுக்கொள்ள வசதியான தோட்டக்காரர் ஈசிசேர் இந்த அறையின் அரசாசனம். தேக்குச் சட்டத்தில் பிரம்பு பின்னிய அந்த நாற்காலியைத் தமிழ்நாட்டு ஆசாரிகள் இன்றும் செய்கிறார்கள். பிரம்பில் பூஞ்சை பிடித்தால் உப்புநீரில் துடைத்து வெயிலில் காயவைத்தால் போதும். தொய்ந்த பின்னலும் இறுகும். மெத்தை தைத்த சோபா இந்த அறைக்கு ஆகாது. ஈரத்தை உறிஞ்சி நாறும்.

துணி விஷயத்தில் விக்டோரியா காலம் அளவு அறியாதது. மேசைக்கு விரிப்பு, விரிப்புக்கு மேல் விரிப்பு, நாற்காலி முதுகுக்குக் குரோஷே துணி, ஜன்னலுக்கு இரட்டைத் திரை. கண்ணாடி வராண்டாவில் அவ்வளவும் வைத்தால் வெயிலே உள்ளே வராது. அதனால் மெல்லிய லேஸ் திரை ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் லேஸ் உள்ளூர்க் கைத்தொழிலாகவே வேரூன்றியிருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது தென்கோடியில் பெரிய தொழிலாக வளர்ந்தது. தரைக்குக் கம்பளம் விரிப்பதைவிட, காவிரிக்கரைப் பவானியின் ஜமக்காளம் இந்த அறைக்குத் தக்கது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆலைத்துணியின் போட்டியால் நலிந்த நெசவாளர்கள் முரட்டு நூலில் நெய்யத் தொடங்கிய அகலக் கோட்டு விரிப்பு அது. துவைக்கலாம், உதறலாம், மழைநாளில் சுருட்டி எடுத்து வைக்கலாம்.

நிறத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அந்நூற்றாண்டு விரும்பிய பளிச்சென்ற பச்சை, சுவர்த்தாள்களில் ஆர்சனிக் கலந்து செய்யப்பட்டது. ஈரச்சுவரில் அந்தத் தாள் மேல் பூஞ்சை வளர்ந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதை 1890களில் இத்தாலிய மருத்துவர் கோசியோ காட்டினார். ஈரத்துக்குப் பேர்போன ஏற்காட்டில் சுவர்த்தாள் ஒட்டுவது அன்றும் இன்றும் வீண். சுண்ணாம்பு வெள்ளை, வெளிர் மஞ்சள், சந்தன நிறம் ஆகியவையே சுவருக்கு ஏற்றவை. சுண்ணாம்பு மூச்சுவிடும், பூஞ்சையை அண்டவிடாது. பச்சையை மரச்சட்டத்துக்கும் ஸ்டாண்டுக்கும் விட்டுவிடலாம். அடர்பச்சையோ வெள்ளையோ இரண்டுமே காலத்துக்குப் பொருந்தும். பழைய சட்டங்களில் இருக்கும் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதைக் காய்ந்த நிலையில் சுரண்டித் தூசு கிளப்பக் கூடாது.

ஆடம்பரத்துக்கு இடம் கொடுத்த ஒரே இடம் மேல்வரிசைக் கண்ணாடி. கட்டங்களின் ஓரத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள் தகடுகளைப் பதித்தால் காலை வெயில் தரையில் நிறம் சிந்தும். எல்லாக் கட்டத்திலும் நிறம் போட்டால் செடி வாடும், அறை இருளும். சுவரில் எதை மாட்டுவது என்பதிலும் பழைய வீட்டுக்காரர்கள் விவரமானவர்கள். நீர்வண்ண ஓவியமும் புகைப்படமும் வெயிலில் வெளுக்கும். புத்தகத்தை இராமபாணப் பூச்சியும் ஈரமும் தின்னும். காட்டெருமைத் தலை வெடித்து உதிரும். இவற்றையெல்லாம் கூடத்தில் விட்டுவிட்டு, வராண்டாவில் பறவைக் கூண்டு, மீன் தொட்டி, பீங்கான் முக்காலி, ஒரு மேசை விளக்கு என்று நிறுத்திக்கொள்வதே முறை. பொருளைக் குவிப்பதற்குப் பேர்போன ஒரு காலத்தின் அறைகளில், கண் உறுத்தாமல் இன்றும் உட்காரத் தோன்றுவது இது ஒன்றுதான். வெயிலும் ஈரமும் தேவையற்றதைத் தாமே கழித்துவிட்டன.

1947க்குப் பிறகு பங்களாக்கள் கைமாறின. சில தோட்ட உரிமையாளர்களின் வீடாகவே தொடர்ந்தன; சில பள்ளியாகவும் விடுதியாகவும் ஆயின; சில இடிந்தன. நிலைத்தவற்றிலும் வராண்டாவின் மரச்சட்டத்தை எடுத்துவிட்டு அலுமினியச் சறுக்கு ஜன்னல் வைப்பது வழக்கமாயிற்று. சட்டம் உளுத்துப்போவது உண்மையான தொல்லைதான். இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் ஈரம் பூத்து, கீழ்ச்சட்டத்தில் இறங்கித் தேங்கும். புட்டி வெடித்த இடத்தில் அந்த நீர் மரத்துக்குள் நுழையும். ஆனால் உளுப்பது பெரும்பாலும் கீழ்க்கட்டை மட்டுமே. அதை மட்டும் அறுத்தெடுத்து, வெளிப்பக்கம் சரிவாகச் செதுக்கிய புதுத் தேக்குக் கட்டையைப் பொருத்தி, நீர் வடியச் சிறு துளை போட்டால், மேலிருக்கும் பழைய சட்டமும் அலையலையாகத் தெரியும் பழைய கண்ணாடியும் தப்பிக்கும். உருளை ஊதி விரித்த அந்தத் தகட்டை இன்று எந்த ஆலையும் வழக்கமாகச் செய்வதில்லை. ஒருமுறை கழற்றி எறிந்தால் போனது போனதுதான்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் மூன்றை மறக்கக் கூடாது. கூரையை ஓடாக வைத்து, இறவாரத்தை இரண்டடியாவது வெளியே நீட்ட வேண்டும். கண்ணாடி கிழக்கோ தென்கிழக்கோ பார்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் திறக்கும் கதவுகள் இருக்க வேண்டும். சூடேறிய காற்று மேலே வெளியேறினால்தான் கீழே புதுக்காற்று வரும், பெரணி வேகாது. பழைய வீடுகளில் மேல்கதவைத் திறக்கக் கயிறும் பித்தளைக் கொக்கியும் இருந்ததற்குக் காரணம் இதுவே. புட்டியைச் சரிபார்த்து ஆளிவிதை எண்ணெய் பூசும் வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்தால் மலையில் எந்தப் பெயின்டும் காயாது.

(தொடரும்)